‘மறந்துட்டேன்’ என்ற அந்த ஒரு சொல்

கேள்வி: எனக்கு 36 வயது. மூன்று வீடுகளில் வீட்டு வேலை செய்கிறேன். ஆறு வருடமாக எச்ஐவிக்கு தினம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். முதல் நான்கு வருடம் தனியாக ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்றார்கள். பிறகு வாடகை கட்ட முடியாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். என் நோய் அக்காவுக்குத் தெரியாது. கூடத்தில் அவள் பிள்ளைகளோடு படுக்கிறேன். மாத்திரை டப்பாவை எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை டப்பாவிலேயே இதையும் கொட்டி வைத்து, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடலாம். முந்தின இரவு சரியாகச் சாப்பிடாத நாளில் குமட்டும். அன்றைக்கு இரண்டையும் விட்டுவிடுவேன். மாதா மாதம் மாத்திரை வாங்க எச்ஐவி சிகிச்சை மையத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அன்றைய சம்பளமும் போகும். சில மாதம் ஒரு வாரம் தள்ளித்தான் போக முடிகிறது. அந்த வாரம் மாத்திரை இருக்காது.

போன பரிசோதனையில் வைரஸ் 6,800 என்று வந்தது. ‘உனக்கே உன் உயிர் மேல் அக்கறை இல்லை’ என்றார் டாக்டர். ஏன் விட்டீர்கள் என்று கவுன்சலர் கேட்டார். மறந்துட்டேன் என்றேன். செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார். அது அடித்தால் கூடமே எழுந்துகொள்கிறது, அணைத்துவிட்டேன். இனிமேல் இந்த மருந்து எனக்கு வேலை செய்யாதா? நான் பொறுப்பில்லாதவள்தானா? பிள்ளைகளுக்கு என்னால் ஏதாவது வந்துவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்தில் படுப்பதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், கட்டிப்பிடிப்பதாலும் எச்ஐவி பரவாது. வைரஸ் அளவு (ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை என்ற கணக்கு) 6,800 ஆனாலும் சரி, 68,000 ஆனாலும் சரி, பரவாது. பிள்ளைகளைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். உடலுறவு என்றால் மட்டும் கணக்கு வேறு. வைரஸ் தெரியாத அளவில் இருந்த அந்த நான்கு வருடம் உங்களிடமிருந்து துணைக்குப் பரவியிருக்க வழியே இல்லை. இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அளவு மறுபடி இறங்கும்வரை ஆணுறை வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாத்திரை விட்டுப்போனதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களை எண்ணிப் பார்த்தேன். வைக்க இடமில்லை, சாப்பாடு சரியில்லை, குமட்டல், பஸ், போகிற சம்பளம், அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். இதில் மறதி எங்கேயும் இல்லை. முகம் தெரியாத எனக்கு இத்தனையையும் எழுதிவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டவரிடம் ‘மறந்துட்டேன்’ என்று முடித்துவிட்டீர்கள். மறதிக்கு வைத்தியம் அலாரம்தானே? அதைத்தான் அவரும் கொடுத்தார்.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ‘மறந்துட்டேன்’ என்பது நோயாளிகள் டாக்டர்களான எங்களுக்குச் சொல்லும் மரியாதையான பதில். பஸ்ஸுக்குக் காசில்லை என்று சொல்லக் கூச்சம். ராத்திரி சாப்பிடவில்லை என்று சொல்ல அதைவிடக் கூச்சம். மறந்துட்டேன் என்றால் ஒரு திட்டோடு போய்விடும். அந்தத் திட்டுகளை நானும் போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரும் டப்பாவைக் கொண்டுவர வேண்டும், மீதி மாத்திரையை எண்ணுவேன். ஒருவர் கணக்கு மாதா மாதம் அச்சடித்தது போல் சரியாக வரும். வைரஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மருந்துக்குத்தான் எதிர்ப்பு வந்துவிட்டது, அதாவது வைரஸ் அதற்கு அடங்காதபடி மாறிவிட்டது போலிருக்கிறது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து அவரே சொன்னார்: வருகிற வழியில் மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டுவிட்டு வருவாராம். ‘நீங்க எண்ணும்போது சரியா இருக்கணும்ல டாக்டர்.’ அன்றோடு எண்ணுவதை நிறுத்தினேன்.

நீங்கள் பொறுப்பில்லாதவளா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியை ஒரு கண்டத்தையே பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1996ல் வந்தது. பணக்கார நாடுகளில் சாவுகள் சடசடவென்று குறைந்தன. ஆப்பிரிக்காவுக்கு அதைக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அங்குள்ளவர்களுக்குக் கடிகாரம் பார்த்து மாத்திரை போடும் பழக்கம் கிடையாது, கொடுத்தால் பாதியில் விடுவார்கள், எதிர்ப்பு வைரஸ்தான் பெருகும் என்றார்கள். 2001ல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத் தலைவரே இந்தப் பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். ஐந்து வருடம் கழித்து, 2006ல், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். போதுமான அளவுக்கு ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் நாடுகளில் 77 சதவீதம். வட அமெரிக்காவில் 55.

ஏழைகள் எப்படி முந்தினார்கள்? நைஜீரியா, தான்சானியா, உகாண்டா மூன்று நாடுகளிலும் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசிப் பதில் தேடிய ஆய்வு ஒன்று 2009ல் வந்தது. அவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், போக்குவரத்துக்குச் சொந்தக்காரர்களிடம் கை நீட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்றே மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பட்டது இதுதான்: அவர்களுக்குப் பின்னால் விஷயம் தெரிந்த நாலு பேர் இருந்தார்கள். உங்களுக்கு ஒருவரும் இல்லை. முதல் நான்கு வருடம் பூட்டிக்கொள்ள ஓர் அறையாவது இருந்தது. அது போனதும் மாத்திரையும் போயிற்று. உங்கள் குணம் ஒன்றும் மாறிவிடவில்லை.

மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு சந்தேகம் எனக்குப் பலமாக இருக்கிறது, அது அந்த இரும்புச்சத்து டப்பாவின் மேல்.

தினம் ஒரு வேளை, ஒரே மாத்திரை என்றால் அது பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். முதல் சிகிச்சைக்கு இதையே கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2019ல் பரிந்துரைத்தது. அடுத்த டப்பா வாங்கும்போது மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். டோலுடெகிராவிருக்கு ஒரு பலவீனம் உண்டு. இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சலுக்குப் போடும் அமில முறிவு மாத்திரை, இவற்றோடு வெறும் வயிற்றில் சேர்ந்தால் குடலிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். ரத்தத்துக்குப் போக வேண்டியதில் கணிசமான பங்கு போய்ச் சேராது. அதாவது மாத்திரை விட்ட நாட்களில் மட்டுமில்லை, ஒழுங்காகப் போட்டதாக நீங்கள் நினைத்த நாட்களிலும் மருந்து பாதியாகவே உள்ளே போயிருக்கலாம். ஒளித்து வைக்க நீங்கள் கண்டுபிடித்த இடமே மருந்தைத் தின்றிருக்கலாம். இதை உங்கள் டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ‘அக்கறை இல்லை’ என்று முடித்துவிட்டால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

காலையில் வயிற்றைக் குமட்டுவதும் அநேகமாக இரும்பு மாத்திரையின் வேலைதான். வெறும் வயிற்றில் அது பலருக்கு அப்படிச் செய்யும். பாவம், பழி எச்ஐவி மாத்திரை மேல் விழுகிறது.

ஆகவே இன்றைக்கே இரண்டையும் பிரித்துவிடுங்கள். எச்ஐவி மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். பசியோடு இருக்கும் நாள் என்பதற்காக அதை விட வேண்டியதே இல்லை. இரும்பு மாத்திரையை அதற்குக் குறைந்தது 2 மணி நேரம் கழித்துப் போடுங்கள். முதலில் இரும்பைப் போட்டுவிட்டீர்கள் என்றால், எச்ஐவி மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சேர்த்துத்தான் போட முடியும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள், அப்போது பிரச்சினை இல்லை. அமில முறிவு மாத்திரைக்கு மட்டும் இந்தச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது.

எதிர்ப்பு வந்துவிட்டதா என்றால், வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையத் தப்புச் செய்யும். மருந்து முழு அளவில் இருந்தால் பிரதி எடுக்கவே விடாது. மருந்து அரைகுறையாக இருக்கும்போதுதான் ஆபத்து. தப்பிப் பிறந்த ஏதாவது ஒரு பிரதி அந்தக் குறைந்த மருந்தைச் சமாளித்துத் தழைத்துவிடும். பழைய மருந்துகள் இந்த விஷயத்தில் ரொம்பவே பலவீனமானவை. உங்கள் மையத்துச் சுவரில் ‘மாத்திரைகளில் 95 சதவீதமாவது தவறாமல் போட வேண்டும்’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால், அது அந்தக் காலத்துக் கணக்கு. சிப் வைத்த மூடியால் டப்பா திறக்கும் நேரத்தைப் பதிவு செய்து 2000ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 95 சதவீதமும் அதற்கு மேலும் போட்டவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தோற்றது. 80 சதவீதத்துக்குக் கீழே போனவர்களில் ஐந்தில் நால்வருக்குத் தோற்றது. டோலுடெகிராவிர் அவ்வளவு கறாரான மருந்து இல்லை. அதை மீறி வைரஸ் எதிர்ப்புப் பெறுவது அரிது. இந்த மாத்திரை எடுப்பவருக்கு வைரஸ் ஏறினால், மருந்து சரியாக உள்ளே போகவில்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். இதை நம்பி மாதம் நாலு நாள் விட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிது என்றுதான் சொன்னேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இன்னொன்று: டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கி வைப்பவை. உங்களுக்கு அதுவும் இருந்தால், மாத்திரை இல்லாத அந்த ஒரு வார இடைவெளிகள் கல்லீரலையும் சீண்டும். பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

6,800 வந்தவுடன் மருந்தை மாற்றுவது வழக்கமில்லை. ஏன் விட்டது என்று பேசிச் சரிசெய்து, ஒழுங்காக எடுத்து, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பதே முறை. அந்த ‘பேசிச் சரிசெய்வது’ உங்களுக்கு நடக்கவில்லை, அலாரத்தோடு முடிந்துவிட்டது. அதனால் அடுத்த முறை போகும்போது பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள். ‘போன தடவை மறந்துட்டேன்னு சொன்னேன், அது உண்மையில்லை’ என்று தொடங்குங்கள். அப்புறம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். டாக்டர் கேட்க மாட்டார் என்று தோன்றினால் நர்ஸிடமோ, அங்கே வேலை பார்க்கும், தானும் எச்ஐவியோடு வாழும் ஊழியரிடமோ சொல்லுங்கள். பல மையங்களில் அப்படி ஒருவர் இருப்பார். கூடத்தில் படுத்துக்கொண்டு மாத்திரையை ஒளிப்பது என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

அங்கே கேட்க வேண்டிய முதல் விஷயம், மாதா மாதம் வராமல் இருக்க வழி. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது இன்று பல நாடுகளில் சாதாரணம். ஆனால் ஒரு சிக்கல் வரும். அந்தச் சலுகை வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்பார்கள். உங்களுக்கு ஏறியிருப்பதால் இன்னும் அடிக்கடி வரச் சொல்வார்கள். வர முடியாததால் ஏறியது, ஏறியதால் இன்னும் அதிகம் வா! இந்த விதியை எழுதியவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இதில் கொஞ்சம் வாதாடுங்கள். ஒரு மாதம் என்பதை இரண்டாக்கினால்கூட லாபம்தான். ஒரு வாரத்துக்கான மாத்திரையாவது கூடுதலாகக் கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் கைகாவலாக இருக்கும்.

நோயாளிகளே இதற்கு வழி கண்ட இடங்கள் உண்டு. மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008ல் ஆறு ஆறு பேராகக் குழு சேர்ந்தார்கள். மாதம் ஒருவர் மையத்துக்குப் போய் ஆறு பேருக்கும் மாத்திரை வாங்கி வருவார், போனவர் தன் பரிசோதனையையும் முடித்துக்கொள்வார். ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு முறை போனால் போதும் என்று ஆயிற்று. உங்கள் மையத்தில் அப்படிக் குழு இருக்கிறதா, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள்.

அலாரம் போனது நல்லதுதான். நேரத்தைப் பிடித்துக்கொள்வதைவிட இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் மூன்று வீடுகளில் கொஞ்ச நேரமாவது தனியாக இருக்கும் வீடு எது? அங்கே, தினமும் செய்யும் ஏதாவது ஒரு வேலைக்கு முன்னால் மாத்திரை. டோலுடெகிராவிருக்குக் காலை, மாலை வித்தியாசம் இல்லை. தினமும் ஏறக்குறைய ஒரே வேளையாக இருந்தால் போதும். வேலையில்லாத நாளுக்கு மட்டும் வேறு இடம் ஒன்று யோசித்து வையுங்கள், அந்த நாட்களில்தான் பலருக்கு விட்டுப்போகும். நாலைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்ன டப்பியில் பையோடு எடுத்துப் போங்கள். மீதி அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமல் மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். இது என் யோசனை இல்லை, என்னிடம் வருபவர்கள் கற்றுக்கொடுத்தது. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள், இரண்டாகப் போட வேண்டாம். நாலு நாள் விட்டுவிட்டால், பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. உங்களைப் போல் ஒளித்து வாழ்பவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, கிடைக்கும் இடங்களிலும் பெரும்பாலும் முதலில் வைரஸை மாத்திரையால் அடக்கிவிட்டு வா என்பார்கள். கேட்டு வையுங்கள், அதற்காக மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டுமா? இதை எழுதத் தயங்கினேன். ஒருவரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும், உண்மைதான். ஆனால் படுக்கிற இடம் அவள் கையில் இருக்கிறது. சொன்னபின் அது போய்விட்டால் நானா வந்து இடம் கொடுக்கப் போகிறேன்? அதனால் சொல்லுங்கள் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். எச்ஐவி பற்றிப் பொதுவாக ஒரு பேச்சு வரும்போது அவள் என்ன சொல்கிறாள் என்று கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். முதலில் வெளியே ஒரு ஆளைத் தேடுவது எளிது. கென்யாவில் ஓர் ஆய்வு, 2010ல் வெளியானது. வாரம் ஒரு முறை செவிலியர் போனில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்புவார். நலம், அல்லது ஒரு சிக்கல் என்று நோயாளி பதில் போட வேண்டும், சிக்கல் என்றால் செவிலியர் கூப்பிட்டுப் பேசுவார். மாத்திரை என்ற வார்த்தையே அந்தச் செய்தியில் கிடையாது, வேறு யார் படித்தாலும் ஒன்றும் புரியாது. அப்படிச் செய்தி வந்தவர்கள் வராதவர்களைவிட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள், வைரஸும் அதிகம் பேருக்கு அடங்கியது. உங்கள் மையத்தில் அந்த ஊழியரிடமோ, அங்கே காத்திருக்கும்போது பழக்கமான பெண் யாரிடமோ இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: வாரம் ஒரு நாள் எனக்கு இப்படி ஒரு செய்தி போடுவீர்களா என்று.

போகும்போது அந்த இரும்பு மாத்திரை டப்பாவையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அதைக் கொடுத்தவருக்கு நீங்கள் எச்ஐவி மாத்திரை எடுப்பது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ரத்தசோகை இன்னும் இருக்கிறதா, அந்த மாத்திரை இன்னும் வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டு முடித்துவிடலாம்.